அடையாற்றுக்கு நான் கொண்டுபோன பாலம்

நான் கட்டிய எதுவும் இதுவரை விழுந்ததில்லை. மலேசியாவில், கிள்ளானில் நாற்பது வருடமாகக் கட்டுகிறேன். கடைவரிசைகள், சீனர் கோயிலுக்கு முகப்பு, மூன்று கல்யாண மண்டபம். எதிலாவது ஒரு விரிசலைக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். சிமெண்டு குழைக்கப் போன அன்று என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. இன்றைக்கு என்னிடம் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள், அந்த இரண்டில் ஒருவன் என் மருமகன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் சென்னையில் நாலு நாள் எனக்கு நடந்ததை வேறு ஆள் சொன்னால் வேறு மாதிரிதான் சொல்வார்கள்.

முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதும், இனிமேல் சாரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்காரும் பழக்கம் எனக்கு இல்லை. பேத்தி விட்டுப்போன பொம்மைக்கல் பெட்டியை எடுத்தேன். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கல். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். தகடு என்கிற மெல்லிசுக் கல்லில் மூன்று அடுக்கினால் ஒரு கல் உயரம், மயிரிழை பிசகாது. என் ஆயுளில் எந்தச் சூளைக்காரனும் எனக்கு இப்படிக் கல் தந்ததில்லை. தீயணைப்பு நிலையம், போலீஸ் நிலையம், துறைமுகம் என்று கடைக்கு வந்த நகரப் பெட்டிகளை எல்லாம் வாங்கிக் கட்டினேன். தீயணைப்பு நிலையம் மட்டும் நாலு இருக்கிறது. ஹால் நிறைந்தது, சாப்பாட்டு மேசை நிறைந்தது. என் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் பெட்டி சொல்கிறபடி கட்டுவது எனக்கு அலுத்தது.

இதே பைத்தியம் பிடித்த மயிலாப்பூர்க்காரர்கள் சிலரை போனில் பிடித்தேன். எல்லாம் நரைத்த தலைகள். தென் சென்னையையே கல்லில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் மயிலாப்பூர், சாந்தோம், தி. நகர். இன்னொரு மேசையில் அடையாறு. நடுவில் நாலடிக்கு ஒரு நீலப் பலகை, அதுதான் ஆறு. பாலத்தை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குரல் அனுப்பினேன். அதோடு நில்லாமல் கிள்ளானில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல் நகரத்துக்குக் கண்காட்சி. அன்றைக்கு என் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடி, என் பாலத்தின் மேல் பொம்மை பஸ் போவதை போனில் பார்ப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை மயிலாப்பூர்க் குளத்தருகே லாட்ஜில் பெட்டியை இறக்கினேன். பாலத்துக்கு நானே செய்த மரப்பெட்டி, ஆள் நீளம். லாட்ஜ்காரர் அதைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், ஹார்மோனியமா?" என்றார். பாலம் என்றேன். அவர் சாவியை நீட்டினார்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பொங்கலில் நெய் கையில் ஒழுகியது. ஆனால் காப்பி? கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைத்தான். நான் அதை ருசி பார்க்கக் கொடுத்தது என்று நினைத்து, குடித்துவிட்டு, நல்லா இருக்கு, கொண்டுவா என்றேன். இதுதான் சார் காப்பி என்றான். எங்கள் ஊரில் தே தாரிக் என்று பெரிய குவளை நிறைய ஆற்றிய டீ தருவார்கள், குடித்தால் பாதியில் களைத்துப்போய் ஓய்வெடுக்க வேண்டும். இங்கே நாலு டம்ளர் குடித்தும் தொண்டை நனைந்த பாடில்லை.

தெருவைப் பற்றி எழுதினால் பேனா உடையும். மெட்ரோவுக்காகப் பாதி மயிலாப்பூரைத் தகரத்தால் மறைத்துத் தோண்டி வைத்திருக்கிறார்கள். நூறடி தூரத்தில் தெரிகிற இடத்துக்கு மூன்று தெரு சுற்றிப் போக வேண்டும். அந்த மூன்றிலும் பூச்சு சரியில்லாத கைப்பிடிச்சுவர்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

கண்காட்சி நடக்கும் இடம் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹால். அங்கே எல்லாம் பிலோமினா டீச்சர் வைத்ததுதான் சட்டம். பரம்பரையாகச் சாந்தோமில் இருக்கிற குடும்பம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அறுபத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது போல இருந்தது. அடையாறு மேசைக்குச் சொந்தக்காரர் வெங்கட்ராமன், மயிலாப்பூர் மாட வீதிக்காரர், ஏதோ கம்பெனியில் வரைபடம் போட்டவர். மயிலாப்பூர் மேசை டீச்சருடையது. ஒத்துக்கொள்கிறேன், நன்றாகவே கட்டியிருந்தார்கள். ரங்கநாதன் தெருவில் பொம்மை ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள்.

பெட்டியைத் திறந்து பாலத்தை எடுத்து வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஏழு கண் பாலம். மயிலாப்பூர்ப் பக்கம் டக்கென்று உட்கார்ந்தது. அடையாறு பக்கம் உட்காரவில்லை. அரை விரல் தணிந்து நின்றது.

"ஐயா, இந்தப் பக்கம் இறங்கியிருக்கே" என்றார் டீச்சர்.

"வாட்டம் குடுத்திருக்கேன் டீச்சர். ரெண்டு தகடு."

"எதுக்கு?"

"தண்ணி வடியணும்ல. தளம் போட்டுட்டு வாட்டம் குடுக்காம விடுறவன் கொத்தனாரே இல்ல."

வெங்கட்ராமன் மேலே கூரையைப் பார்த்தார். "ஹாலுக்குள்ள மழை பெய்யப்போறதா சார்?"

"வரைபடம் அனுப்பினோமே ஐயா. ரெண்டு முனையும் ஒரே உயரம்னு போட்டிருந்தோமே" என்றார் டீச்சர்.

அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. ஒன்பது கல் உயரம் என்பது புரிந்தது, அது போதும் என்று விட்டேன். நாற்பது வருடம் கட்டியவனுக்கு வரைபடம் எதற்கு?

"சரி, பரவாயில்ல. பிரிச்சு, அந்த ரெண்டு தகட்டையும் ஏத்திடலாம்" என்று டீச்சர் கைப்பிடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை. இன்னும் அழுத்தி நெம்பினார். நகம் உடைந்தது.

"ஐயா. ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டாம? கையால பிடுங்குனா வர்றது பாலமா டீச்சர்?"

ஹாலில் சாவு விழுந்தது போல ஆகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் கல்லில் பசை தடவுவது, கோயிலுக்குள் செருப்போடு போவதைவிடப் பெரிய குற்றம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. கட்ட வேண்டும், பிரிக்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். அதுதான் இவர்களுக்குச் சந்தோஷமாம். "எங்காத்துல இருபது வருஷமா சேர்த்து வெச்சிண்டிருக்கேன் சார், ஒரு கல்லுல ஒரு சொட்டு பசை பட்டதில்ல" என்றார் வெங்கட்ராமன். "பிரிக்க முடியலேன்னா அது வெறும் பொம்மை." பிரிப்பதற்காக ஒருவன் கட்டுவானா? என் தொழிலில் அப்படி ஒன்றைக் கட்டியவனைப் போலீஸ் தேடும்.

இருந்தாலும் தப்பு வந்த இடத்தில் வழியும் இருக்கும். மயிலாப்பூர் மேசையையும் ஆற்றையும் அரை விரல் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பழைய செய்தித்தாளை மடித்துக்கொண்டு மேசைக்கால் பக்கம் உட்கார்ந்தேன். முதல் காலைத் தூக்கினேன். சடசடவென்று சத்தம். டீச்சர் ஒரு மாதமாகக் கட்டிய வெள்ளைச் சர்ச் கோபுரம் தி. நகர் ஜனங்கள் மேல் கவிழ்ந்துகிடந்தது.

டீச்சர் டம்ளரோடு வாசலில் நின்றார். நான் உள்ளதைச் சொன்னேன்: "ஒட்டியிருந்தா விழுந்திருக்குமா டீச்சர்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மேசைக்காலை இனி யாரும் தொடக்கூடாது என்று கட்டளை பிறந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மட்டம் சரியாக உள்ள பாலம் வர வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே ஒன்று போட்டுக்கொள்வார்களாம். என் பாலம் வந்த பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போகும். ஊர் திரும்பினால் விமான நிலையத்துக்கு மருமகன் வந்து அந்தப் பெட்டியைத் தூக்குவான், ஒன்றும் கேட்க மாட்டான். அவன் கேட்காமல் இருப்பதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை, சாம்பல் நிறக் கல் வாங்கிப் புதிதாகக் கட்டிவிடுவது என்று தி. நகர் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறினேன். இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்கத்தான் பார்த்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த நாற்பது பேரும் அதே நேரத்தில் உள்ளே வரப் பார்த்தார்கள். சைதாப்பேட்டையில் வெளியே வந்து விழுந்தேன். திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினேன், நிற்கவில்லை. இன்னொன்றுக்குக் காட்டினேன்.

"இன்னா நைனா, வெளியூரா?" ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டைக்குள் சேலை.

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பஸ்ஸு போன பொறவு கைய காட்டிகினு நிக்கிற. லோக்கலு ஆளா இருந்தா ஓடிப்போய்த் தொத்திகினு இருப்பான். குந்து."

கஸ்தூரி என்று பெயர். அன்று பகல் முழுக்க அவர் ஆட்டோதான். தி. நகரில் புடவைக்கு எத்தனை சாம்பல் நிறம் வேண்டும், அத்தனையும் இருக்கிறது. புறாச் சாம்பல், மழைச் சாம்பல், யானைச் சாம்பல் என்று விரித்துப் போடுகிறான். பொம்மைக் கடையில் ஒரு சாம்பல் தகடு கிடையாது.

"லூஸ்ல வராது சார். பெட்டியாத்தான். சாம்பல் வேணும்னா இந்த ஃபயர் ஸ்டேஷன எடுத்துக்குங்க, உள்ள அம்பது பீஸ் இருக்கும்."

"அது எங்கிட்ட நாலு இருக்கு தம்பி."

"அப்ப அஞ்சாவதா வெச்சுக்குங்க."

இன்னொரு சந்தில் போலிக் கல்லை மூட்டையில் வைத்து எடைபோட்டு விற்றான். இரண்டை எடுத்து அழுத்திப் பார்த்தேன். ஊதினால் பிரிந்தது. சிமெண்டில் மணலைக் கூட்டிப் போடும் கான்டிராக்டர்கள் செத்த பிறகு இங்கேதான் பிறந்து வருகிறார்கள் போலிருக்கிறது. இதற்குள் கூட்டம் என் வலது செருப்பைக் கொண்டுபோய்விட்டது. கஸ்தூரி ஆட்டோவிலிருந்து என் ஒற்றைக் காலைப் பார்த்தார்.

"பொம்மைக்கா இம்மாம் அலைச்சலு? பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

நான் ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "நல்லா கீது" என்றார்.

சாயங்காலம் புதுச் செருப்போடு ஹாலுக்குப் போனால், டீச்சரும் வெங்கட்ராமனும் தங்களிடம் மிச்சமிருந்த கல்லில் ஒரு பாலத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கலந்துகட்டி. மார்கழிக் கோலம் ஆற்றைத் தாண்டுவது போல இருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னுதான் ஐயா" என்றார் டீச்சர். தட்டையான பாலம். ஒரு நூல் வாட்டம் கிடையாது.

சனிக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. நிஜ அடையாற்றுப் பாலத்துக்கே வாட்டம் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் என் பாலம்தான் சரி, மேசைதான் தப்பு என்று ஆகிவிடும். மட்டம் பார்க்கிற குமிழி வைத்த ரசமட்டம் இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போவதில்லை. கஸ்தூரி பாலத்தில் என்னை இறக்கிவிட்டார். நடைபாதையில் மண்டிபோட்டு ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவைவிட்டு அழகாக ஒதுங்கி நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"மட்டம் பாக்குறேன்."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"கிள்ளான்."

அப்படி ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டிகளைக் கொஞ்சம் ஒதுங்கிப் போகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஒரு பாலத்தப் பாத்துட்ட. இன்னொண்ணு கீது, அத்தயும் பாத்துட்டுப் போயிரு" என்று கஸ்தூரி ஆட்டோவைத் திருப்பி, குப்பத்தைத் தாண்டிக் கடற்கரை மணலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆறு கடலில் சேரும் இடம். அங்கே ஒல்லியாக ஒரு பாலம் ஆற்றுக்குள் நடந்து போய், பாதியில் நின்றுவிட்டது. நடுவில் கொஞ்ச தூரம் வெறும் தண்ணீர். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மிச்சம் தொடங்குகிறது.

"இதை ஏன் இன்னும் இடிக்காம வச்சிருக்காங்க?" என்றேன். எனக்கு அதைப் பார்க்கவே கூசியது.

"நான் பொறக்கறதுக்கு முன்னயே ஒடஞ்சது நைனா. யாரு இடிக்கிறா? கல்யாண ஜோடிங்க வந்து போட்டோ புடிச்சிகினு போவுது." கையை நீட்டி அக்கரையைக் காட்டினார். "எங்க ஊடு அங்கதான் இருந்துது, ஆத்தோரமா. கவர்மெண்டு ஆளுங்க தூக்கினு போய் எங்கியோ பெரும்பாக்கத்துல போட்டானுங்க. ஒடஞ்ச பாலத்த உட்டுட்டானுங்க, ஒடையாத ஊட்ட எடுத்துட்டானுங்க."

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கிட்டப் போய்த் தூண்களைப் பார்த்தேன். நின்றவரைக்கும் நேராக நின்றன. தண்ணீர் நடுவில் புகுந்து கொண்டுபோனதற்குக் கட்டியவன் என்ன செய்வான்?

ஹாலுக்குத் திரும்பி ரசமட்டக் கதையைச் சொன்னேன். டீச்சர் முழுசாகக் கேட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம்.

"ஐயா, ஆத்து மேல இருக்கிற பாலம் சரியாத்தான் இருக்கும். இந்த மேசை மேல இருக்கிறது உக்காரலையே."

பேச்சு முடிந்துவிட்டது. வெங்கட்ராமன் கோலப் பாலத்தை எடுத்து வைத்தார். டக், டக். இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. நான் என் பாலத்தைப் பெட்டிக்குள் இறக்கப் போனேன். மறுமுனையைப் பிடிக்க வந்த கஸ்தூரி, பாலத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்த ஏன் மூடிகினு போற? நடுவுல அறுத்துட்டு, அதோ அந்தக் கடலோரமா வெச்சுடு. அங்கதான் ஒரு ஒடஞ்ச பாலம் வேணுமே. இவங்க வெக்கவே இல்ல பாரு."

வெங்கட்ராமன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. ஆறு கடலில் சேருகிற மூலையைக் குனிந்து பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது.

"நான் கட்டின எதுவும் விழுந்ததில்ல" என்றேன்.

"யாரு உழுந்துதுன்னு சொன்னா? அறுக்கத்தான சொன்னேன்."

கோபத்தோடு லாட்ஜுக்குப் போனேன். வழியில் அடை சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. அந்த ஒல்லிப் பாலத்தின் தூண்கள் கண்ணிலேயே நின்றன. நேராக நின்ற தூண்கள். பிறகு மருமகன் பெட்டியைத் தூக்குவது கண்ணில் வந்தது. குளத்துப் பக்கம் ஹார்ட்வேர் கடை மூடப்போகும் நேரம். உள்ளே போய், இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு இரண்டு கொடு என்றேன். ஒன்று போதாது, என் பசையை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே, ஹாலில் நடுக்கண்ணுக்கு இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டேன். வெங்கட்ராமன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், டீச்சர் மறுமுனையை. முதல் பிளேடு பாதியில் ஒடிந்தது. "அப்பா, என்ன பசை சார் இது" என்றார் வெங்கட்ராமன். நாலு நாளில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. நடுக்கண் கையில் வந்தபோது, நல்ல சுவரை இடிக்கச் சொன்ன வீட்டுக்காரன் முன்னால் நிற்பது போல இருந்தது. அந்த வீட்டுக்காரனும் நானேதான்.

அந்தக் கடலோர மூலையில் மயிலாப்பூர்ப் பாதி தன் கரையில் உட்கார்ந்தது. அடையாறு பாதி அரை விரல் தணிந்துதான் நின்றது. அதன் அடியிலும் சுற்றிலும் வெங்கட்ராமன் வெளிர் மஞ்சள் தகடுகளைப் பரப்பினார், கடற்கரை மணல். தணிவு மணலுக்குள் போய்விட்டது. என் வாட்டத்துக்கு ஊரில் அந்த ஓர் இடம்தான் பொருத்தம் போலிருக்கிறது. அறுத்த நடுத்துண்டை, என்னை இறக்கிவிட வந்த கஸ்தூரி எடுத்துக்கொண்டார். ஆட்டோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

சர்ச்சில் பூசை முடிந்து ஜனம் உள்ளே வந்தது. பொம்மை பஸ் கோலப் பாலத்தில் போனது, வந்தது. யாரும் அதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. "அம்மா, உடைஞ்ச பாலம்" என்று பிள்ளைகள் நேராக என் மூலைக்கு ஓடி வந்தார்கள். பெரியவர்கள் போன் எடுத்தார்கள். ஒரு ஜோடி அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் படமும் எடுத்துக்கொண்டது. சென்னை ஜனம் எனக்குப் புரியவே இல்லை.

பதினொரு மணிக்குக் கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் இருபது தலைகள். மருமகன்தான் கழுத்தை நீட்டினான்.

"என்ன மாமா, உங்க பாலம் விழுந்துருச்சா?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேட்டதில் தப்பில்லை. பாலத்தின் முன்னால் டீச்சர் தன் கையெழுத்தில் ஓர் அட்டை வைத்திருந்தார்: 'உடைந்த பாலம். கட்டியவர்: கிள்ளான் பெரியசாமி.' அதைப் படிக்கிற எவனும் என்ன நினைப்பான்? நான் போனை அணைக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், இந்த அட்டை தப்பு."

"ஏன் ஐயா, பேர்ல எழுத்து விட்டுப்போச்சா?"

"பேரு சரி. விவரம் பத்தாது."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு போனில் தெரிந்த இருபது தலைகளையும் பார்த்தார். புது அட்டை ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதி, நூல் பிடித்தது போல நேராக நிறுத்தி வைத்தார். அதைத்தான் நான் போனைத் தூக்கி அவர்களுக்குக் காட்டினேன்.

'உடைந்த பாலம். கட்டியவரும் அறுத்தவரும்: கிள்ளான் பெரியசாமி. தானாக விழவில்லை.'